விமலேஸ்வரியின் வட்டம்

விமலேஸ்வரி அக்காவை வவுனியாவுக்குக் கூட்டிப்போக அவருடைய தம்பி விஜிதரன் வான் பிடித்துக்கொண்டு வந்த அன்றுதான், ஒட்டுசுட்டானிலுள்ள அக்காவின் வீட்டுக்கு வழக்கம்போல நானும் போயிருந்தேன். மாற்றுவலுவுள்ளோருக்கான நிறுவனமொன்றில் எனக்கு வேலை. யுத்தத்தில் செல் விழுந்து காயம் பட்டதிலிருந்து அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே இயங்காது. தாயும் இறந்தபிறகு, காட்டோர வீதி வளைவில் தனியாகத்தான் இருந்தார். யானைகள் ஊருக்குள் வரத் தொடங்கியதும் தம்பிக்கு நித்திரை போய்விட்டது.

“யானை வந்தால் சக்கரக் கதிரையோடை எங்கை ஓடுவாய் அக்கா? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலை அறை பாத்திட்டன். எல்லாம் உன்ரை நன்மைக்குத்தான்.”

‘உன் நன்மைக்கு’ என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மனுசனுக்குக் கண் கலங்கியிருந்தது. வாயை அடக்கிக்கொண்டேன்.

“முடிவெடுக்க முதல், உங்கடை வாழ்க்கையை ஒருக்கா நீங்களே பாருங்கோ அக்கா” என்று வட்டமொன்று கீறச் சொன்னேன்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த உறவு வட்டம் அது. நடுவில் நீங்கள், சுற்றிவர உங்கள் வாழ்க்கையில் இருக்கிறவர்கள். உண்மையில் எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தனியே இருக்கிறவர்களின் வட்டம் அநேகமாக வெறுமையாகத்தான் கிடக்கும்.

அக்கா கதிரையிலிருந்தபடியே முற்றத்து மண்ணில் தடியால் வட்டம் கீறினார். தம்பிக்கென்று நடுவுக்குக் கிட்ட ஒரு புளியங்கொட்டையைப் போட்டார். பிறகு கை நின்றுவிட்டது.

“உங்களைத் தேடுறவை வேறை ஆர்?”

“பாலுக்குப் போற நடராசா அண்ணை. ரியூசன் வகுப்பு முடிஞ்சு வாற யதுர்ஷிகா. கடைசி வீட்டு அன்னபாக்கியம் மாமி...”

அவர் சொல்லச் சொல்ல நான் போட்டுக்கொண்டே இருந்தேன். கொட்டை முடிந்து, கல் பொறுக்க ஓடினேன். வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டமும் கீற வேண்டியதாயிற்று.

விஜிதரனுக்கு விளங்கவில்லை. “இவ்வளவு பேரும் இஞ்சை வருகினமோ?”

“வாறதில்லை, போன் எடுப்பினம். நான் சமைக்கிற குசினி யன்னலாலை ரெண்டு பக்க றோட்டும் தெரியுமெல்லோ. ‘யானை நிக்குதோ அக்கா, வரலாமோ?’ எண்டு கேளாமல் ஒருத்தரும் இந்த வளைவாலை போகாயினம்.” சொல்லிவிட்டு மண்ணைப் பார்த்தார். “இவ்வளவு பேரோ... எனக்கே தெரியாது பிள்ளை.”

எந்த யானைக்குப் பயந்து இவரைக் கொண்டுபோகத் தம்பி வந்தாரோ, அந்த யானைக்குப் பயந்து ஊரே இவரைக் கேட்டுத்தான் வீதியில் கால் வைக்கிறது. அவ்வளவு நாளும் பரிதாபப்பட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வந்த எனக்கு, அவர் முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது.

“பயமில்லை எண்டு சொல்லேல்லைத் தம்பி. ஆனால் நான் போனால் இவையள் ஆரைக் கேப்பினம்?”

விஜிதரன் வானடிக்குப் போனார். வானில் ஏற்றிய பைகளைத் தானே இறக்கி உள்ளே வைத்தார். வெயில் சாய்ந்துவிட்டது. வாசல் படலைவரை போனவர் திரும்பி வந்தார்.

“அக்கா, நான் இப்ப வெளிக்கிடலாமோ?”

“பொறு, பாத்துச் சொல்லுறன்” என்று அக்கா கதிரையைக் குசினிப் பக்கம் உருட்டினார்.