குடும்பஸ்தருக்கு மட்டும்

ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் வீட்டுத் தரகனுக்குத் தெரிந்துவிடும். யுத்த காலத்திலும் அது முடிந்த கையோடும் அருப்புக்கோட்டையில் நான் பார்த்தது அந்தத் தொழில்தான். மில்லுக்கு, ஆபீசுக்கு, கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று நாலா பக்கத்திலிருந்தும் ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் பெருத்தது, வீடு பெருகவில்லை. நீங்களும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருத் தெருவாக வாடகை வீடு தேடியவர் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

எனக்கே வீடு இல்லை என்பதுதான் இதில் விசேஷம். ஆறு குடித்தனத்துக்கு ஒரே கிணறு, அதிலும் உப்புத் தண்ணீர். அப்படி ஒரு வளவில் ஒற்றை அறையில் இருந்தேன். முழுகாமல் இருந்த என் மனைவி பாக்கியம், குடிதண்ணீருக்காகக் குடத்தோடு ஊர்க்கோடி வரை நடந்ததை, எங்களைப் பார்க்க வந்த மாமனார் கண்ணால் கண்டுவிட்டார். பிரசவத்துக்குத் திருச்சுழிக்குக் கூட்டிப்போகும்போது, "தனி வீடு, நல்ல தண்ணிக் கெணறு. பாத்துட்டு வாங்க மாப்ள, அன்னைக்கே அனுப்பி வைக்கிறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெண் குழந்தை பிறந்தது. குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. எல்லாம் திருச்சுழியில். நான் இங்கே ஊராருக்கு வீடு காட்டிக்கொண்டிருந்தேன்.

பருப்பு சொன்ன தீர்ப்பு

எங்கள் ஊரில் வீடு பார்ப்பது என்றால் கிணறு பார்ப்பது என்று அர்த்தம். கூரை ஒழுகினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். தண்ணீர் கரித்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டிவிடுவார்கள். பாலவனத்தத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியாரம்மா, அதாவது வாத்தியாரின் மனைவி, கையோடு ஒரு சட்டியும் ஒரு பிடி துவரம்பருப்பும் நாலு சுள்ளியும் கொண்டு வந்திருந்தார். வீட்டுக்காரர் "தண்ணி தேனா இருக்கும்மா" என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே, முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி, அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பருப்பைப் போட்டுவிட்டார். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் சட்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அது கொதிக்கும் நேரத்தில் நான் உள்ளே போனேன். காலி வீடு எதில் நுழைந்தாலும் அண்ணாந்து விட்டத்தைப் பார்ப்பது அப்போது என் வழக்கம். தொட்டில் கட்டத் தோதாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மகள் தொட்டில் வயதைத் தாண்டிப் போன பிறகும் அந்த வழக்கம் விடவில்லை. வெளியே வந்தபோது வாத்தியாரம்மா ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நசுங்கவில்லை. வீட்டுக்காரர் மனம் நோகக் கூடாதே என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "வீடு நல்லாத்தான் இருக்குண்ணே. நாங்க குடியிருந்துருவோம், இந்தப் பருப்பு குடியிருக்காது போலயே."

மூடக் கூடாத குழி

வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற நெசவாளர் ஒருவர். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோய், சொந்தக்காரர்களை நம்பி மதுரைக்குப் புறப்பட்டார். வீட்டை வாடகைக்கு விட வேண்டும். ஆபீஸ் குமாஸ்தா ஒருவரைக் கூட்டிப்போனேன். தறியைக் கழற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் நெய்கிறவர் கால் வைக்கிற குழி தரையில் அப்படியே இருந்தது. "பிள்ளைகள் விழுந்துவிடும், மண்ணைப் போட்டு மூடிக்கொடுங்கள்" என்றார் குமாஸ்தா.

நெசவாளர் பேச உட்கார்ந்ததே அந்தக் குழியின் விளிம்பில்தான், கால் இரண்டையும் உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு. வேறு எங்கும் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. பிழைக்கப் போகிற மனிதருக்குத் திரும்பி வருகிற இடம் ஒன்று இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. குமாஸ்தா பிடிவாதமாக நின்றார். நெசவாளர் அதைவிடப் பிடிவாதமாகச் சொன்னார்: "பலகை போட்டு மூடிக்கங்க சார், மண்ணு மட்டும் போட்றாதீக. நூல் வந்ததும் நான் கால எங்க வைக்கிறது?"

அக்காவைக் காட்டி வாங்கிய வீடு

ஒண்டிக்கட்டைக்கு இந்த ஊரில் வீடு கிடையாது. பொம்பளைகள் தண்ணீர் இறைக்கிற கிணற்றடியில் ஒற்றை ஆள் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பல் விளக்கினால் எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? காரியாபட்டிப் பையன் ஒருவன், மில்லில் பிட்டர், அடித்த அலைச்சலில் செருப்புத் தேய்ந்துபோனான். கடைசியில் ஊரிலிருந்து தன் அக்காவை பஸ்ஸில் கூட்டி வந்து, இவுகதான் கூட இருக்கப் போறாக என்று காட்டினான். வீடு கிடைத்துவிட்டது. நல்ல தண்ணீர்க் கிணறு வேறு.

காட்டி முடித்ததும் அக்கா ஊருக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அக்கா ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தாள். போகவில்லை. மறு வாரம் அவள் புருஷனும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பையன் என்னைத் தேடி வந்து, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, படுக்க எடமில்ல. எனக்கு மட்டும் ஒரு வீடு பாருங்கண்ணே, இந்தத் தடவ யாரையும் கூட்டியார மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கரி பஸ்

பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, பின்னால் அடுப்பு வைத்த கரி பஸ்தான் அப்போது ஓடியது. அதில் ஏறித் திருச்சுழி போய் இறங்கினால், வேட்டி சட்டையெல்லாம் கரி. மாமனார் என்னை முன்கட்டில் உட்காரவைத்து மழையைப் பற்றிப் பேசுவார். பாக்கியம் கதவுக்குப் பின்னால் நிற்பாள், வளையல் சத்தம் மட்டும் கேட்கும். பெரியவர் முன்னால் புருஷனிடம் நின்று பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. நான் அந்த வளையல் சத்தத்தைக் கேட்கத்தான் ஒவ்வொரு வாரமும் போனேன்.

போனதும் மாமனார் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். மூன்று வருஷமாக வாராவாரம் அதைக் கேட்டுக் கேட்டு என் மகளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் அவளே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலை மறித்தாள். அவள் முதல்முதலாக என்னிடம் முழுசாகப் பேசிய பேச்சு இது: "மாப்ள, வீடு பாத்தாச்சா?"

சாவி முதலில், குடும்பம் முதலில்

கடைசியில் பார்த்தேவிட்டேன். ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டர் புதுசாகக் கட்டிய வீடு. தனி வாசல், தனிக் கிணறு. நானே போய்ச் சட்டி வைத்துப் பருப்பு வேகவைத்தேன். வெண்ணெயாக வெந்தது. வேறு யாருக்கும் அந்த வீட்டைக் காட்டாமல் வைத்துக்கொண்டேன். வாசலில் "குடும்பஸ்தருக்கு மட்டும்" என்று பலகை தொங்கியது. அவருக்கு அதை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

"மூணு வருஷமா நீங்க தனியாத்தான இருக்கீக. குடும்பத்தக் கூட்டியாந்து நிறுத்துங்க, சாவி தாரேன்" என்றார் போஸ்ட்மாஸ்டர். அக்கா கதை அவர் காதுக்கும் போயிருந்தது. திருச்சுழிக்கு ஓடினேன். "சாவியக் காட்டுங்க மாப்ள, இந்த பஸ்ஸுலயே ஏத்தி விடுறேன்" என்றார் மாமனார். எத்தனை வீட்டுக்காரர்களைப் பேசிச் சமாளித்தவன் நான்! இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கரியைப் பூசிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தேன். அப்படி ஒரு தடவை திரும்பி வந்தபோது பலகையைக் காணவில்லை. கிணற்றடியில் அந்தப் பழைய வாத்தியாரம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சந்தோஷமாகக் கேட்டார்: "இம்புட்டு நல்ல வீட்ட எங்களுக்கு ஏண்ணே நீங்க காட்டவே இல்ல?"

பருத்திக் காட்டுக்குப் போயிருந்தார்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு போவது என்று தெரியாமலே போனேன். மாமனார் பருத்திக் காட்டுக்குப் போயிருந்தார். பாக்கியம்தான் கதவைத் திறந்தாள். நடுவில் யாரும் இல்லாமல் அவள் முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. கொஞ்சம் இளைத்திருந்தாள். வீடு கை நழுவிப்போனதை ஒரு மாதிரியாகச் சொல்லி முடித்தேன்.

அவள் உள்ளே போனாள். நான் ஒரு செம்புத் தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் திரும்பி வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை, கையில் துணி மூட்டை. அந்த நேரத்தில் கட்டக்கூடிய மூட்டை இல்லை அது. எப்போதோ கட்டி வைத்தது, முடிச்செல்லாம் இறுகிக் கிடந்தது. அடுப்படியிலிருந்து மாமியார், "அவுக வந்தா நான் சொல்லிக்கிறேன், கரி பஸ்ஸ விட்றாதீக" என்றார். நான்தான் தடுமாறினேன். அதே ஒற்றை அறைதான் பாக்கியம், அதே உப்புத் தண்ணீர்தான் என்றேன். அவள் படியிறங்கி நடந்துகொண்டே சொன்னாள்: "வீடு கேட்டது எங்க அய்யாதான். வாறியான்னு என்னய நீங்க ஒரு தடவையாச்சும் கேட்டீகளா?"

அருப்புக்கோட்டையில் எந்தத் தெருவில் எந்த வீடு காலியாகும் என்று விரல் நுனியில் வைத்திருந்த தரகனுக்கு, திருச்சுழியில் கதவுக்குப் பின்னால் ஒருத்தி கிளம்பித் தயாராக நின்றது மூன்று வருஷமாகத் தெரியவில்லை என்றால், அவன் பார்த்துக் கொடுக்கிற வீடு எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.