இரண்டு வருஷம் முந்தி நடந்த அறுபதாம் கல்யாணம்

எங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ரயில்வேயில் பாலங்களைப் பார்க்கும் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர் அவர். இஞ்சினியர் என்ற பட்டத்தை வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டு, வேலையை மட்டும் அப்பாவிடம் கொடுத்தார்கள். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் இஞ்சினியர் ஐயாதான். ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்று, ரயில்வே வீட்டைக் காலி செய்து, பக்கத்துத் தெருவில் வாடகை வீடு பிடித்தார். அப்பாடா என்று உட்கார்ந்து ஒன்றரை வருஷம் ஆவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

அரிசி போய் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு என்று ஆயிற்று. அவித்த கிழங்கை அம்மா கையால் பிட்டு வைத்தால் அப்பாவுக்குப் பொறுக்காது. இரும்பு அடிக்கோலை எடுத்துவந்து, பிள்ளைகள் ஐந்து பேருக்கும் அளந்து வெட்டுவார். எவன் வெட்டுகிறானோ அவனுக்குக் கடைசித் துண்டு என்று ஒரு சட்டமும் போட்டிருந்தார். கடைசித் துண்டில் நார்தான் இருக்கும்.

சயாமில் ரயில்பாதை போடுவதற்கு ஜப்பான்காரன் ஆள் பிடிக்கத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். ரப்பர் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஏற்றிப் போனார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. கிள்ளானில் அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் இருந்தார். அவரும் பாலத்து வேலைக்காரர். அவரைக் கொண்டுபோன மூன்றே மாதத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று, தப்பி வந்த ஒருவன் சொன்னான். அடுத்தது இஞ்சினியர் ஐயாதான் என்று தெருவில் பேச்சு. அறுபது தாண்டியவர்களைத் தொடுவதில்லை என்றும் ஒரு பேச்சு இருந்தது. அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு. போதாக்குறைக்குத் தலையில் ஒரு நரை கிடையாது. வயதைக் காட்டும் காகிதங்கள், வெள்ளைக்காரன் ஓடியபோது ஆபீசோடு எரிந்துபோயிருந்தன. இனி வாய்ச்சொல்தான் சாட்சி.

அம்மா மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, நமக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணிடுவோம்."

"அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு."

"கெடந்தா என்னா? தெருவையே கூப்பிட்டு, கோயில்ல வெச்சுத் தாலி கட்டிட்டா, நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் ஊரே அறுபதுன்னு சொல்லும் லா."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அரை அங்குலம் தப்பினாலே பாலம் நிக்காது. நீ ரெண்டு வருஷத்தத் தள்ளச் சொல்ற."

"பாலம் நிக்காட்டி போவுது. குடும்பம் நிக்கணும்."

கடைசியில் அப்பா பாதிக்கு இறங்கி வந்தார். "தாலி கட்டுறேன். ஒனக்குத் தாலி கட்டுறது எந்த வயசிலயும் பொய் இல்ல. ஆனா எவனாச்சும் என் மூஞ்சியப் பாத்து வயசக் கேட்டா, உள்ளதத்தான் சொல்வேன்."

அம்மா தலையாட்டினாள். முதலில் கல்யாணம் முடியட்டும், மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருப்பாள்.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறந்த வருஷத்தின் பெயரே சுற்றித் திரும்பி வரவேண்டும் அல்லவா? கோயிலில் குருக்கள் விரல்விட்டு எண்ணினார். நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். இன்னொரு தரம் எண்ணினார். ராகு காலத்தில் ஒரு நிமிஷம்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். அம்மா கைகூப்பியபடி நின்றாள். "வருஷம் சரியாத்தான் இருக்கு" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் குருக்கள். அந்த மனிதரை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

தங்கம் எல்லாம் எப்போதோ கிழங்காகவும் உப்பாகவும் மாறிவிட்டிருந்ததால், மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சள் துண்டைக் கோத்துத்தான் அப்பா கட்டினார். அட்சதைக்கு ஆளுக்கு நாலே அரிசி. எல்லோரும் போட்டு முடித்ததும் நானும் தங்கையும் அதைப் பொறுக்கிக் கழுவிக் கஞ்சியில் சேர்த்தோம். பெரிய அக்காவுக்கு அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்க்க ஒரே வெட்கம். எனக்கு அந்தக் கஞ்சியில்தான் கண்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வந்தேவிட்டார்கள். ஒரு ஜப்பான் அதிகாரி, மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர், எங்கள் தெருவுக்குப் பொறுப்பாக வைத்திருந்த தமிழர் ஒருவர். தெருப் பொறுப்பாளர் கல்யாணத்துக்கு வந்தவர்தான். "இவருக்கு அறுபது முடிஞ்சிருச்சுங்க, நாங்கள்லாம் அட்சத போட்டோம்" என்று அவராகவே முந்திக்கொண்டு சொன்னார்.

அதிகாரி அப்பாவின் கறுத்த தலையைக் காட்டி என்னவோ கேட்டான். மொழிபெயர்ப்பவர் அப்பா பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. வயசு என்னா?"

அம்மாவின் விரல்கள் என் தோளை இறுக்கின. நகம் பதிந்தது. அப்பா வரிசையாக நின்ற எங்கள் ஐந்து பேரையும் ஒரு தடவை பார்த்தார்.

"அறுபது" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் நிறுத்தவில்லை. "முட்டி மடங்காதுங்க. ஏணி ஏற முடியாது. கண்ணு மங்கல். ஒரு காது சுத்தமாக் கேக்காது" என்று அடுக்கிக்கொண்டே போனார். அன்று காலையில்தான் கூரையில் ஏறி ஒழுகலை அடைத்திருந்தார். கடைசியில், யாரும் கேட்காமலே, குனிந்து இருமவும் ஆரம்பித்தார். எனக்குப் பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். தங்கையின் வாயைப் பெரிய அக்கா பொத்திக்கொண்டாள். "போதுங்க, போதுங்க" என்று அம்மா முணுமுணுத்தாள்.

அதிகாரி முகத்தைச் சுளித்தான். கையிலிருந்த தாளில் ஒரு பெயரின்மேல் கோடு இழுத்தான். மூன்று பேரும் படி இறங்கிப் போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வீட்டில் யாரும் அசையவில்லை. பிறகு அப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் செம்பைக் கவிழ்த்தார். பாதித் தண்ணீர் சட்டையில் போயிற்று.

"ஒண்ணு சொன்னாப் போதாதா? இத்தன பொய்யாங்க?" என்றாள் அம்மா.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒத்தத் தூண்ல பாலம் நிக்குமா?"

அம்மா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது அவளுக்கு. அப்பா இனி வீட்டில்தான் இருப்பார், எங்கேயும் போகமாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொரு வயதுப் பெண் என்ற வெட்கம்கூட இல்லாமல், ஓடிப்போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.