நைனாவின் பின்லாந்தும் சித்தப்பாவின் சாட்சியும்

எங்கள் நைனா இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்ல வார்த்தைகளை எதிர்பார்ப்பீர்கள். அவை உண்டு. மற்றவையும் உண்டு.

நைனா ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தார். அப்போது எங்கள் பகுதி ஆந்திரத்தில் இருந்தது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். எல்லைப் போராட்டத்தின் பயனாக அவருடைய சிறுவயதிலேயே ஊர் இந்தப் பக்கம் வந்தது. "வூட்டை வுட்டு நகராமலே மாநிலம் மாறினவங்க நாம" என்பார்.

வரலாறு படித்துத் தனியார் கல்லூரி ஒன்றில் ஆசிரியரானார். பின்லாந்து மக்களின் அரசியல் வரலாறு அவரைப் பிடித்துக்கொண்டது. பல நூற்றாண்டுகள் சுவீடனின் கீழ், பிறகு ரஷ்யப் பேரரசின் கீழ். அலுவலகத்தில் ஒரு மொழி, அடுப்படியில் வேறு மொழி. இருந்தும் ஐரோப்பாவில் முதன்முதலாகப் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்று சொல்லும்போது மகளான என்னைப் பார்த்துச் சிரிப்பார். விடுதலை பெற்ற கையோடு அந்த மக்கள் சிவப்புப் படை, வெள்ளைப் படை என்று பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

நிர்வாகம் ஆசிரியர்கள் சிலரைக் காரணமின்றி நீக்கியபோது நைனா வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அதே கல்லூரியில் வேலை பார்த்த அவருடைய தம்பியும், அதாவது என் சித்தப்பாவும், பந்தலில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு மாலை யாரோ அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அந்நேரம் நைனா காய்ச்சலில் கிடந்த என் பக்கத்தில் இருந்தார். மருந்து வாங்கிவந்தவரே சித்தப்பாதான். அவரே நீதிமன்றத்தில், "அண்ணன் வெச்சதை நான் பார்த்தேன்" என்றார். நைனா சிறைக்குப் போனார். மேல்முறையீட்டில் விடுதலையானார், வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சித்தப்பா துறைத்தலைவரானார்.

நைனா திருத்தணியில், நண்பரான மெக்கானிக் பாய் தம் கடை மாடியில் கொடுத்த அறையில் டியூஷன் நடத்தி எங்களை ஆளாக்கினார். யாரிடமும் குறை சொன்னதில்லை. மன்னிக்கவும் இல்லை.

கடைசி நாட்களில் அரக்கோணம் மருத்துவமனைக்குச் சித்தப்பா வந்தார். நைனா மெதுவாகத்தான் பேசினார். "நீ சொன்னது பொய்னு இவங்க முன்னாடி சொல்லு. அப்புறம் உக்காரு."

"இப்ப எதுக்குண்ணா அதெல்லாம்" என்றார் சித்தப்பா. நைனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

பாடை தூக்கும்போது சித்தப்பா தோள் கொடுக்க வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"சாவு வூட்ல வேணாம்மா" என்றார் என் தாய்மாமா. "பின்லாந்துல அடிச்சிகினவங்களே ஒண்ணா சேந்துட்டாங்கன்னு உங்க நைனாதானே சொல்வாரு?"

"ஆங், சேந்தாங்க மாமா. தோத்த கட்சி அடுத்த வருஷமே எலக்சன்ல நின்னுது. ஆனா ஜெயிச்சவங்க, புடிச்சி வெச்ச தோத்தவங்களைப் பட்டினி போட்டுச் சாகடிச்சு மொத்தமா குழியில தள்ளினாங்க. ரொம்ப காலம் அந்தச் செத்தவங்களுக்கு ஒரு கல்லு நட வுடல. நைனா அதையும் சொல்வாரு. நீங்க பாதிலயே எழுந்து போயிருப்பீங்க."

சித்தப்பா தெருமுனை வரை பின்னால் வந்தார். பிறகு காணவில்லை.

பாடை சுமந்த பாய்க்கும் அவர் மகன்களுக்கும், கனகம்மாசத்திரத்திலிருந்து வந்து சமைத்துப்போட்ட அத்தைக்கும், மருத்துவமனையில் உடனிருந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

சித்தப்பா இந்த மலரில் இரங்கலுரை எழுதலாமா என்று கேட்டார். இடம் தரவில்லை. கல்லூரியில் அவரோடு வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் இது தபாலில் போகிறது. அவர் வீட்டுக்குப் போகும் பிரதியின் உறையில் பெறுநராக அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர்களை எழுதியிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது அவர்களுக்கு. புரியாததைத் தாத்தாவிடம்தான் கேட்பார்கள்.