குளுக்கோஸ் பாட்டில் பிடித்தவர்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியைப் படுக்க வைத்துவிடலாம். கூட வந்தவரை என்ன செய்வதென்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டராகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருக்காகவாவது தவித்து நின்றவர்களுக்கு இனிமேல் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

வாய்

பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் விரல் நசுங்கிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு கம்பெனியே வந்துவிட்டது. அடிபட்டவர் சும்மா இருந்தார். அவருடைய சூப்பர்வைசர்தான் "சீக்கிரம் பாரு சார், சீக்கிரம் பாரு" என்று என் காதருகே கத்திக்கொண்டிருந்தார். தையலில் என் கவனம் நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல், அடிபட்டவருக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலை ஸ்டாண்டிலிருந்து கழற்றி சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். "உயரமாப் பிடிங்க. இறக்கினா ட்யூப்ல ரத்தம் ஏறிடும்." மனிதர் மூச்சுவிடவும் யோசித்தார். தையல் முடிந்ததும் அடிபட்டவர் மெதுவாகச் சொன்னார்: "அஞ்சு வருசமா இவருகிட்ட வேலை செய்றேன். வாயை மூடிகினு நின்னு இன்னிக்குதான் சார் பாக்குறேன்."

கம்பி

அதன்பிறகு அதுவே என் வைத்தியமாகிவிட்டது. பூந்தமல்லியில் இரும்புப் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர், பேதியில் துவண்டுபோன தம்பியோடு வந்தார். அவர் புலம்பல் தாங்காமல் பாட்டிலைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். ஆனால் அறை மூலையில் நின்ற ஸ்டாண்டுக்கு அவர் கண் போனது.

"அந்தக் கம்பி சும்மாதானே கீது டாக்டர்?"

"அது உடைஞ்சுபோச்சு பாய்" என்று கூசாமல் சொன்னேன்.

தம்பி தேறிப் போன அடுத்த வாரம், தானே பற்றவைத்த புது ஸ்டாண்டோடு வந்து நின்றார். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. "இனிமே இங்க வர்றவங்க யாருக்கும் கை வலிக்கக் கூடாது டாக்டர்."

என் முறை

சில வருஷம் கழித்து ஒரு நாள் என் மகளுக்கு விடியற்காலையிலிருந்து வாந்தியும் பேதியும். முகப்பேர் வீட்டிலிருந்து ஆட்டோவில் எங்கள் நர்சிங் ஹோமுக்கே கொண்டுவந்தபோது கண் குழிந்து, கூப்பிட்டால் பதிலே இல்லை. டியூட்டியில் இருந்த டாக்டர் ஊசி போட நரம்பு தேடினார். நான் விடவில்லை. இந்தக் கை வேண்டாம், அந்தக் கையைப் பார், அந்த ஊசி பெரிசு. என்னோடு ஆரம்பத்திலிருந்து வேலை பார்த்த ஸ்டெல்லா சிஸ்டர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். "உயரமாப் பிடிங்க சார்."

பிடித்தேன். நரம்பும் கிடைத்தது. குழந்தை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். பாட்டிலை இறக்காதவரை போகாது என்றும் தோன்றியது. எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஆதாரம் கிடையாது. பாட்டில் காலியாகப் போகும்போது மகள் கண் திறந்து சுற்றிலும் பார்த்தாள்.

"அப்பா, அந்தக் கம்பியில மாட்டலாமே?"

"அது உடைஞ்சுபோச்சும்மா."

பழைய ஸ்டாண்டும் பாய் கொடுத்ததும் நின்ற மூலையைச் சிஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டுமா சார்?"

குளுக்கோஸ் நோயாளிக்கு, பாட்டில் கூட வந்தவருக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் அவசர சிகிச்சையில் பாதி முடிந்த மாதிரிதான்.