பின்னணிச் சத்தத்துக்கு இரண்டு மார்க்

அடுத்தவர் பேசுவதை ஒட்டுக்கேட்பது என் தொழில். சம்பளம் கொடுத்துக் கேட்கச் சொல்வதால் அதற்குத் தர ஆய்வு என்று கௌரவமாகப் பெயர். வாஷிங் மெஷினோ ஃபிரிட்ஜோ மக்கர் செய்தால் நீங்கள் கூப்பிடும் எண்ணுக்கு மறுமுனையில் இருப்பது எங்கள் கூடம். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு ஹெட்செட். பேசுவதெல்லாம் பதிவாகும். தினமும் முப்பது பதிவுகளைக் கேட்டுப் படிவத்தில் மார்க் போடுவேன். வணக்கம் சொன்னாரா, குறுக்கே பேசாமல் கேட்டாரா, குரலில் சிரிப்பு இருந்ததா. கடைசி வரி, பின்னணிச் சத்தம். இருந்தால் இரண்டு மார்க் கழிக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது எங்கள் டீம் லீடரைப் பற்றி. ஆனால் நடந்த வெட்கக்கேட்டில் எனக்கும் பங்கு உண்டு, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் கடிகாரம். முகத்துக்கு நேரே மேடம். நானும் அவளும் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அதனால் தனியாக இருக்கும்போது அவள் என்னை அண்ணா என்பாள், நான் நீ என்பேன். வெளியே போனால் எனக்கும் அவள் மேடம்தான்.

சேர்ந்த புதிதில் எங்களுக்கு இருந்த டீம் லீடர் ஒரு சிடுமூஞ்சி. ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவள் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கி, "இந்த வாயை வச்சுக்கிட்டு யாரு உன்னைப் பேசற வேலைக்கு வரச் சொன்னது?" என்று கேட்டார். கழிவறைக்குள் போய் இருபது நிமிடம் அழுதாள். அந்த இருபது நிமிடத்தையும் அவர் சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டார். முகம் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள்: "நான் மட்டும் அந்த சீட்ல உக்காந்தா ஒருத்தரையும் இப்படிப் பேச மாட்டேன்ணா. வேணும்னா எழுதியே தரேன்." எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ஒன்பது வருடம் கழித்து அந்த சீட் கிடைத்தது. ஆட்களை நடத்துவது எப்படி என்று கம்பெனி இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியது. கடைசியில் வைத்த தேர்வில் அவள்தான் முதல். சான்றிதழைச் சட்டம் போட்டு மேஜைக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஒரு மாதம் எல்லாம் வகுப்பில் சொன்னபடியே நடந்தது. யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் பிள்ளைக்குப் பரீட்சை எல்லாம் அத்துப்படி. பிறகு ஓர் அழைப்புக்கு எட்டு நிமிடம் என்றிருந்ததை மேலிடம் ஆறாகக் குறைத்தது. எங்கள் டீம் தொடர்ந்து இரண்டு மாதம் கடைசி. மேலாளர் அதைப் பெரிய திரையில் போட்டு எல்லா டீம்களுக்கும் காட்டினார். அன்றோடு பிள்ளைகளின் பரீட்சை அவளுக்கு மறந்துபோனது.

அவள் கெட்டவள் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று டப்பா கட்டி, இரண்டு பஸ் மாறி வருகிறவள். டீமில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதலில் போய் நிற்பவளும் அவள்தான். ஆனால் கூடத்துக்குள் வந்துவிட்டால் வாய்க்குப் பூட்டு கிடையாது. யாருடைய அழைப்பாவது ஆறு நிமிடத்தைத் தாண்டினால் அவள் திரையில் சிவப்பு விழும். செருப்புச் சத்தத்தோடு போய் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிடுவாள்.

கூடத்தில் மெக்கானிக் என்று பெயர் வாங்கியவர் வந்தது மூன்று மாதத்துக்கு முன். வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடம் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருந்தவர். முழங்கால் இரண்டும் கைவிட்டதால் மெஷினுக்கு அடியில் குனிய முடியாமல் எங்கள் நாற்காலிக்கு வந்தார். அவர் பேசும் அழகே தனி. "லேசா ஆட்டிப் பாருங்கம்மா. கடகடன்னு வருதா, டக்டக்குன்னு வருதா?" என்பார். அந்த அம்மா ஆட்டிவிட்டு வந்து சொல்லும்வரை காத்திருப்பார். பதினோரு நிமிடம், பதின்மூன்று நிமிடம் என்று ஓடும். மூன்று மாதம் முடியும் வெள்ளிக்கிழமை அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவாக வேண்டும். அனுப்புவது என்று அவள் தீர்மானித்து, மேலாளருக்கு எழுதியும் விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை என் அறைக்கு வந்தாள்.

"அண்ணா, மெக்கானிக்கோட பதிவுல ரொம்ப நீளமானதா மூணு எடுத்து வை. மேலாளர் முன்னாடி போட்டுக் காட்டலாம்னு இருக்கேன். அவரையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் போடணுமாம்."

"நீ கேட்டியா அதை?"

"எதுக்குக் கேக்கணும்? நிமிஷத்தைப் பாத்தாலே தெரியுதே."

நான் கேட்டிருந்தேன். மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பின்னால் ஒலிக்கும் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? படிவத்தில் சத்தம் உண்டா இல்லையா என்றுதான் கட்டம் இருக்கிறது, யாருடைய சத்தம் என்று கட்டம் இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவள் திட்டினாள், நான் அவருக்கு இரண்டு மார்க் கழித்தேன். மார்க் குறைந்தது என்று அவள் மறுபடி திட்டினாள். அதுவும் பதிவானது, அதற்கும் கழித்தேன். அவருக்கு முன் புதிதாக வந்தவர்களுக்கும் இதேதான். பழைய ஆட்களின் பதிவில் அந்தக் குரல் வராது. அவர்கள் தேறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது இதைச் சொல்லும்போது உடம்பு கூசுகிறது.

ஹெட்செட்டை அவளிடம் நீட்டினேன். "முதல்ல நீ கேளு."

சலிப்போடு மாட்டிக்கொண்டாள். நான் இன்னொரு ஹெட்செட்டில் கேட்டேன். மெக்கானிக் சோப்புப் பெட்டியை வெளியே இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னும் முடிக்கலையா நீங்க? என் பையன் மூணாவது படிக்கிறான், அவன்கூட இந்நேரம் முடிச்சிருப்பான். கடையை மூடிட்டு வந்து எங்க தலையில உக்காந்துட்டீங்க. வெக்கமா இல்ல?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

"தம்பி, யாரு அங்க அப்படிக் கத்துறது? உங்களையா?" என்று கேட்டார் மறுமுனையிலிருந்த அம்மா.

"இல்லைம்மா, இல்லைம்மா. அது பக்கத்து சீட்டுக்கு. நீங்க பெட்டியை இழுத்துட்டீங்களா?"

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

"ஆமாம்மா," என்றார் மெக்கானிக்.

"கத்துறது உங்க மேடமா? எப்பவுமே இப்படித்தானா?"

"நல்லவங்கதாம்மா. காலையிலேருந்து அவங்க உக்காரவே இல்லை."

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். "வேற ஒண்ணு போடு," என்றாள். போட்டேன். அதிலும் அவள் குரல். மூன்றாவதிலும்.

"எல்லாத்துலயுமா?"

"ஆறு நிமிஷம் தாண்டினாதானே நீ போய்ப் பின்னாடி நிக்கிற? அப்ப நீளமான எல்லாத்துலயும் நீ இருக்கத்தான் செய்வ."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "என் குரலை மட்டும் வெட்டி எடுத்துட முடியுமா?"

முடியுமா என்று நானும் தேடிப் பார்த்தேன். முடியாது என்று தெரிந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் சுரணை வந்தது.

"நீ இவ்வளவு நாளா கேட்டிருக்க. ஏண்ணா சொல்லலை?"

"ஃபாரத்துல இடம் இல்லை," என்றேன். சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் முதல் பதிவையே மறுபடி போடச் சொன்னாள். "நல்லவங்கதாம்மா" என்ற இடம் வந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பழைய டீம் லீடரிடம் திட்டு வாங்கிய அன்றும் அவள் என் முன்னால் அழவில்லை. இன்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறையில் நான்கு பேர் இருந்தோம். மெக்கானிக் தேய்த்த முழுக்கைச் சட்டையில், கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நினைத்திருந்தால், நிமிடக் கணக்கை மட்டும் காட்டி அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். என்னைப் பார்த்து, "போடுங்க," என்றாள். போட்டேன். அவள் குரல் அந்தச் சின்ன அறையில் கூடத்தில் கேட்டதைவிட அசிங்கமாக ஒலித்தது.

"யாரு இது?" என்றார் மேலாளர்.

மெக்கானிக் முந்திக்கொண்டார். "சார், அது கேன்டீன் டிவிங்க சார்."

"என் குரல் சார்," என்றாள் அவள். "இவருக்கு மார்க் குறைஞ்சது என்னாலதான். நேரம் கூடினது நிஜம். ஆனா நேத்து இந்த மூணு வீட்டுக்கும் போன் பண்ணிக் கேட்டேன். ஒரு வீட்டுக்கும் ரிப்பேர் ஆள் போகவே இல்லை. மூணு மெஷினும் ஓடுது. இவரை அனுப்பச் சொல்லி நான் எழுதினது தப்பு."

மேலாளர் மணியைப் பார்த்தார். "சரி, இன்னொரு மூணு மாசம் பாப்போம். நீங்களும் கொஞ்சம் குரலைக் குறைச்சுக்கங்கம்மா. பதிவு பாழாகுது."

வராந்தாவுக்கு வந்ததும் அவள், "சார், நான் உங்களை..." என்று ஆரம்பித்தாள். சார் என்று அவரை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மெக்கானிக் பதறிப்போனார். "விடுங்க மேடம், வேலைன்னா ஆயிரம் இருக்கும்," என்று அந்த முழங்காலோடு வேகமாக நடந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி என்னிடம் வந்தார். "சார், கஸ்டமர்கிட்ட பொய் சொல்லிட்டேனே, அதுக்கு எத்தனை மார்க் கழிப்பீங்க?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அவர் போன பிறகு அவள் சொன்னாள்: "திட்டினது அத்தனை பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் வராந்தாவுலயா?"

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவள் எழுந்து கூடத்துக்குள் நடந்தாள். என் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டதுமே முதல் நாற்காலியில் இருந்த பெண், திரும்பாமல், பேச்சை நிறுத்தி, விரலால் ஒரு பொத்தானை அழுத்தினாள். நம் சத்தம் வாடிக்கையாளருக்குக் கேட்காமலும் பதிவில் விழாமலும் இருக்க அழுத்தும் பொத்தான் அது. அடுத்தவர் அழுத்தினார். அதற்கடுத்தவர். வரிசையாகப் பதினோரு விரல்கள். பழைய ஆட்கள் தேறியது எதில் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பழக்கம் இன்னும் வராத மெக்கானிக் மட்டும் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வருவது வரட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவளும் அத்தனையையும் பார்த்தாள். நடுக்கூடத்தில் நின்று, "எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க," என்றாள்.

ஒருவரும் திரும்பவில்லை. அந்தக் குரலில் வருவது திட்டாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு முதுகுகளும் அப்படியே காத்திருந்தன.

அவள் இன்னொரு முறை சொன்னாள்.