சனிக்கிழமை ஒருபொழுது

1965 அக்டோபர் 4, திங்கட்கிழமை. ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு வாளியும் அண்டாவும் நிரப்பினேன். பிறகு சவரம். பாகிஸ்தான் சண்டை நாட்களில் ஜன்னல் கண்ணாடிகளுக்கு ஒட்டிய கறுப்புக் காகிதத்தை பம்பாயில் எங்கள் மாத்தூங்கா கட்டடத்தில் யாரும் இன்னும் உரிக்கவில்லை; விடிந்த பிறகும் விளக்கு எரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் தம்பி இருமிக்கொண்டிருந்தான்.

தாராவியில் ஒரு தோல் பட்டறையில் பை தைத்தவன். காசநோய் என்று தெரிந்த தை மாதத்திலிருந்து எங்களோடு இருந்தான். ஊசியும் மாத்திரையும் தவறவில்லை. அவனோடு ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கியவர்கள் தேறி வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். இவன் மட்டும் இளைத்துக்கொண்டே போனான். அடுத்த எக்ஸ்ரேயிலும் புண் ஆறாதிருந்தால் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன்பின் நாங்கள் மூவரும் சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் கையில் இருந்தது சாப்பாடு ஒன்றுதான். இந்த நோய்க்கு ஊட்டம் வேண்டுமென்று மனைவி பாலில் முட்டையை அடித்து, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குளுக்கோஸ் பொட்டலத்தோடு வந்தார்கள். ஓயாத தாகத்தையும், இரவில் அவன் அடிக்கடி எழுந்து போவதையும் ஊசிச் சூடு என்று எண்ணி, அதற்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தோம். இதெல்லாம் போக, தம்பி பிழைக்க வேண்டுமென்று அவள் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, சனிக்கிழமைகளில் அக்காவும் தம்பியுமாக ஒருபொழுது இருந்தார்கள். பகலெல்லாம் பட்டினி, விளக்கேற்றிய பிறகுதான் சாப்பாடு. எனக்கு அரைநாள் ஆபீஸ் என்பதால், சிகிச்சை நிலையத்துக்கு அவனை அழைத்துப் போனதும் சனிக்கிழமைகளில்தான்.

முந்தின சனிக்கிழமை காந்தி ஜெயந்தி விடுமுறை. ஆகவே திங்கட்கிழமை மத்தியானம் லீவு எடுத்து, சோறும் பாயசமும் சாப்பிட்ட கையோடு அவனைக் கூட்டிப் போனேன். வழக்கம்போல் சிறுநீரை நீல மருந்தில் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார்கள். முன்பெல்லாம் நீலம் மாறியதே இல்லை. அன்று பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

டாக்டர் ஒரு மராத்தி அம்மாள். சனிக்கிழமைகளில் என்ன சாப்பிட்டு வருவான் என்று ஹிந்தியில் கேட்டார்.

"குச் நஹி. உபவாஸ்," என்றான். ஒன்றும் இல்லை, விரதம்.

அவர் பழைய சீட்டுகளில் இருந்த தேதிகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: இவனுக்கு நீரிழிவு. பட்டினி வயிற்றோடு வந்ததால் இத்தனை நாள் பிடிபடவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும் உடம்பில் காசம் எளிதாகப் பற்றும், சீக்கிரம் விடாது; மருந்து கிருமியைக் கொன்றாலும், கூடநின்று எதிர்க்க வேண்டிய உடம்பு சோர்ந்து கிடக்கிறது. வெட்டுகிற பேச்சு இப்போது வேண்டாம். முதலில் சர்க்கரை இறங்கட்டும், இரண்டு மாதம் கழித்துப் படம் எடுப்போம். தினமும் இன்சுலின் ஊசி; போட்டவுடன் சாப்பிட வேண்டும்; பட்டினி கூடவே கூடாது. ஊசி போடும் விதத்தை எனக்குக் காட்டித் தந்தார்கள்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பட்டினி கூடாது என்ற இடத்தில்தான் நின்றாள்.

"சாமிக்கு நேந்ததப் பாதியில எப்பிடி விடுறது?"

"எக்கா, நீ அவருக்குச் சக்கரைப் பொங்கலா வச்சுத் தள்ளுதியே, மொதல்ல அவருக்குப் பரிசோதன பண்ணணும்," என்றான் தம்பி.

"வாயப் பாரு. ஒடம்பு பூரா எளச்சும் நாக்கு மட்டும் எளைக்கல இவனுக்கு."

சிரித்ததில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "ஒனக்கும் சேத்து நா இருந்துக்கிடுதேன். நீ தின்னு," என்றாள். எனக்குக் களைப்பாக இருந்தது. இன்சுலின் புட்டியைச் சூடேறாமலிருக்க ஈரத்துணியில் சுற்றி மண்பானையின் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை எழுந்ததும் முதலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, சின்னப் பாத்திரத்தில் ஊசியைக் கொதிக்கவிட்டேன்.