மாமாவின் கோல்ஃப் தொப்பி

எங்கள் ஊரில் முதலும் கடைசியுமாக கோல்ஃப் விளையாடியவர் என் மாமாதான். அம்மாவின் தம்பி. கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது, துணி சுற்றிய ஒரு இரும்புத் தடியோடும் இரண்டு வெள்ளைப் பந்துகளோடும் உத்திரமேரூர் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஏரியின் உள்வாயில், காய்ந்த தரையில் நின்று அவர் அடிப்பார். ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கி வருவது என் வேலை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்படி ஒரு வெயிலில் ஓடியதற்கு இன்றைக்கு யாராவது காசு கொடுத்தாலும் ஓடமாட்டேன்.

மாமாவுக்கு மெட்ராஸில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் வேலை. பை சாதாரண ஆளுடையது அல்ல. பந்தயங்களில் ஆடியே பிழைப்பு நடத்திய, பேப்பரில் படமெல்லாம் வருகிற ஒரு பெரிய ஆட்டக்காரருடையது. மாமா அவரை ‘எங்க சார்’ என்பார். சார் எப்படித் தலை சீவுகிறார், சார் எந்தப் பக்கம் திரும்பித் தும்முகிறார் என்பதெல்லாம் எங்கள் வீட்டு மாடுகளுக்குக்கூட மனப்பாடம். சார் கொடுத்த வெள்ளைத் தொப்பியை மாமா தலையிலிருந்து இறக்கியதே இல்லை. கோயிலுக்குள் நுழையும்போது சட்டையைக் கழற்றியவர் தொப்பியை மட்டும் மறந்ததுபோல் நடந்தார். குருக்கள் அதட்டிய பிறகுதான் எடுத்தார்.

அந்த வருஷம் மாமா வெறுந்தலையோடு வந்தார். வெள்ளிக்கிழமை அவருக்குப் பெண் நிச்சயம் செய்ய இருந்தோம். பெண் வீடு ஏரிக்கு அந்தக் கரையில். ஆனால் மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு களையும் இல்லை. வந்ததும் வராததுமாகத் தொப்பியைப் பைக்குள்ளிருந்து எடுத்து, எங்கள் கத்தரித் தோட்டத்தில் காக்கைக்காக நட்டிருந்த வைக்கோல் பொம்மையின் தலையில் மாட்டிவிட்டார். அம்மா பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். அந்த விளையாட்டில் குறைந்த அடியில் பந்தைக் குழியில் தள்ளுகிறவர்தான் ஜெயித்தவர். பெரிய பந்தயம் ஒன்றில் கப்பு ஏறக்குறைய சாரின் கையில் இருந்தது. கடைசிக் குழிக்குப் பக்கத்தில் சார் தடியை வைத்தபோது, அடிப்பதற்கு முன்பே பந்து கொஞ்சம் அசைந்துவிட்டது. அப்படி அசைந்தால் கணக்கில் ஓர் அடி கூட்டிக்கொள்ள வேண்டுமாம். சாரே கையைத் தூக்கிச் சொல்லிவிட்டார். அந்த ஓர் அடியில் கப்பு போய்விட்டது.

“யாருமே பாக்கலக்கா. நடுவரு பாக்கல, கூட ஆடனவன் பாக்கல. நான் பக்கத்துலயே நின்னுக்கினு கீறேன், நானே பாக்கல. இந்தாளு இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்?”

“பந்து அசஞ்சுதா, இல்லியா?” என்றாள் அம்மா.

“நெல்லு அளவு அசஞ்சிருக்கும்.”

“அப்போ சரியாத்தான சொல்லி கீறாரு.”

“நீ போக்கா! ஜெயிச்சா என்னயும் கல்கத்தா பந்தயத்துக்கு இட்டுனு போறேன்னு சொன்னாரு. எல்லாம் போச்சு. அதுகூடப் பரவால்ல. திரும்பி வர வழியில டீக்கடையில நின்னு போண்டா துன்னுக்கினு சிரிக்கிறாருக்கா! தோத்துட்டு சிரிக்கிறவன் ஒரு ஆட்டக்காரனா?”

மறுநாள் சாயங்காலம் மாமா தடியை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். ஆட்டம் ஆடுகிற மனசோடு அல்ல, ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள. ஓங்கி ஒன்று விட்டார். பந்து வழக்கமாக விழுகிற இடத்தையெல்லாம் தாண்டி, வேலிகாத்தான் புதருக்கு அப்பால் போனது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒரு சினைப் பசு ‘அம்மா’ என்று கத்திக்கொண்டு பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தது. நான் ஓடிப்போய் அதன் பக்கத்தில் கிடந்த பந்தைப் பொறுக்கிப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டேன். பொறுக்குவதுதானே என் வேலை. மாடு மேய்க்கிற அம்மாள் தூரத்தில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். பசு மெதுவாக எழுந்து நொண்டியது. அது யார் வீட்டுப் பசு என்பது மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரவேண்டிய பெண் வீட்டுப் பசு. அவர் முகம் செத்துப்போயிற்று. என் கையைப் பிடித்து விறுவிறுவென்று வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

புதன்கிழமை காலையில் அந்த அம்மாளே எங்கள் வாசலில் வந்து நின்றாள். கூலிக்கு மாடு மேய்த்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

“பசுவ நான் கல்லால அடிச்சிட்டேன்னு மாட்டுக்காரரு சொல்றாரும்மா. எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் அடிக்கல. இனிமே மாட்டாண்ட வராதன்னுட்டாரு. நீங்க சம்பந்தம் பண்ணப் போறவங்க. உங்க பேச்சுன்னா கேப்பாரு. ஒரு வார்த்த சொல்லுங்கம்மா” என்று அம்மாவிடம் அழுதாள்.

மாமா உள்ளே கூழ் குடித்துக்கொண்டிருந்தார். லோட்டாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, “பாப்பா, அந்தப் பந்த எடுத்துக்கினு வா” என்றார்.

பெண் வீட்டில் பசு வேப்பமரத்தடியில் பின்னங்காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா பச்சிலை அரைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா மேல தப்பு இல்லீங்க. நான் அடிச்ச பந்துதான் பட்டுது” என்றார் மாமா.

“யாரு பாத்தது?”

“யாரும் பாக்கலீங்க.”

பெண்ணின் அப்பா என் கையிலிருந்த பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்தார். “இது பந்தா? கல்லாட்டம் கீது” என்றார். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. பந்தை என் கையிலேயே திணித்துவிட்டு மாமாவிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களோடு வந்திருந்த அந்த அம்மாளிடம் மட்டும், “போ, மாட்டுக்குத் தண்ணி காட்டு” என்றார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லும் வழக்கமெல்லாம் அந்த வீட்டில் அந்தக் காலத்தில் இல்லை. அவள் ஓடிப்போய்ப் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பும்போது மாமா கத்தரித் தோட்டத்துக்குள் இறங்கினார். பொம்மையின் தலையிலிருந்து தொப்பியை எடுத்து, காக்கை எச்சத்தைத் துண்டால் துடைத்துத் தலையில் வைத்துக்கொண்டார். காக்கைகளுக்கு அதற்குள் அந்தத் தொப்பி பழகிவிட்டிருந்தது என்று நினைக்கிறேன்.

விஷயத்தைக் கேட்டு அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“இனிமே வெள்ளிக்கெழம அவங்க வருவாங்களாடா?”

“வரமாட்டாங்கக்கா. சோறு போடு. அகோரப் பசி.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நடுவில், “எங்க சார் மாதிரி ஒரு ஆளு கெடையாதுக்கா” என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். தாம்பூலத் தட்டுகளோடு ஒரு பித்தளைத் தூக்கு நிறையச் சீம்பாலும் வந்தது. பசு முந்தைய நாள்தான் கன்று போட்டிருந்தது.

“கெடேரிக் கன்னு. தாயும் புள்ளயும் நல்லா கீது” என்றார் பெண்ணின் அப்பா. பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, “அந்தப் பந்த மட்டும் இனிமே இந்த ஏரியில அடிக்காதீங்க மாப்ள” என்றார்.

அம்மா விட்ட பெருமூச்சு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் வெல்லம் போட்டுக் கிண்டிய சீம்பாலை வழித்துத் தின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் சிரித்தது எனக்குப் புரிந்தது. பெண் கிடைத்துவிட்டது, சிரிக்கிறார். ஆனால் புதன்கிழமை, எல்லாம் போய்விட்டது என்று தெரிந்து சோற்றின் முன்னால் உட்கார்ந்து சிரித்தாரே, அது எதற்கு என்றுதான் எனக்குப் புரியவே இல்லை.